பினேராவை நான் படித்த விதம்: ஒப்பீட்டு அரசியல் தாள் எழுதுபவர்களுக்கு

முதுகலை அரசியல் அறிவியலில் ஒப்பீட்டு அரசியல் தாளுக்காகப் படித்த தலைவர்களில், ரொம்ப நாள் எனக்குப் பிடிபடாமல் இருந்தவர் சிலி நாட்டின் செபஸ்தியான் பினேரா. வலதுசாரி, பெரும் பணக்காரர், இரண்டு முறை அதிபர். இவ்வளவு தெரிந்தால் போதும் என்று உள்தேர்வுக்குப் போய், "சர்வாதிகாரி பினோசேயின் வழி வந்தவர்" என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த வரி சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தது. ஓரத்தில் "1988?" என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

1988 அக்டோபர் 5 அன்று, பினோசே இன்னும் எட்டு ஆண்டுகள் ஆளலாமா என்று சிலி மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பினேராவும் வேண்டாம் என்றுதான் வாக்களித்தார். ஆனால் அடுத்த ஆண்டே, பினோசேயின் நிதியமைச்சராக இருந்த எர்னான் பூச்சியின் அதிபர் தேர்தல் பிரசாரத்தை நடத்தினார். தானும் செனட்டர் ஆனார். அவருடைய அண்ணன் ஹோசே பினேராவோ, பினோசே அரசில் அமைச்சராக இருந்து ஓய்வூதியத்தைத் தனியார் கையில் ஒப்படைத்தவர். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஆள் புரிந்துவிடுவார்: அந்த ஆட்சியின் சந்தைப் பொருளாதாரம் வேண்டும், அந்த ஆட்சி நீடிக்க வேண்டாம். 2013-ல், பினோசே ஆட்சியைப் பிடித்த ராணுவப் புரட்சியின் 40-ஆம் ஆண்டில், அதிபராக இருந்துகொண்டே "மௌனமாக உடந்தையாக இருந்தவர்கள்" என்று பேசித் தன் கூட்டணிக்காரர்களையே அவர் கோபப்படுத்தியதும் இதனுடன் சேர்ந்ததுதான்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்து நான் நிறைய நேரம் வீணாக்கினேன். சிலியில் அதிபர் பதவி நான்கு ஆண்டு, உடனே அடுத்த முறை போட்டியிட முடியாது. இந்த விதியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். 2006-ல் மிச்செல் பாச்செலெட், 2010-ல் பினேரா, 2014-ல் மறுபடி பாச்செலெட், 2018-ல் மறுபடி பினேரா என்று வரிசை தானாக நிற்கும். அப்புறம், 2010 ஜனவரியில் முன்னாள் அதிபர் எட்வர்டோ ஃப்ரேயைத் தோற்கடித்த வெற்றியைக் கட்டாயம் எழுதுங்கள். 1958-ல் ஹோர்கே அலெஸாந்திரி ஜெயித்ததற்குப் பிறகு, தேர்தல் வழியாக வலதுசாரி ஒருவர் அதிபரானது அப்போதுதான்.

2010-ல் 33 தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கிய சுரங்க விபத்தைப் படிக்கும்போது மனம் அங்கேயே நின்றுவிடும். 2010 ஆகஸ்ட் 22 அன்று, "நாங்கள் 33 பேரும் நலமாக இருக்கிறோம்" என்று சிவப்பு எழுத்தில் வந்த காகிதத் துண்டைப் பினேரா கேமரா முன் விரித்துக் காட்டும் படத்தை நான் எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது. விபத்து நடந்து 69 நாள் கழித்து எல்லோரும் உயிரோடு வந்தார்கள். ஆனாலும் விடையில் இதற்கு நாலு வரி போதும். அந்தச் செல்வாக்கு அடுத்த ஆண்டே மாணவர் போராட்டத்தில் கரைந்தது. அந்த இறக்கத்துக்குத்தான் இடம் ஒதுக்க வேண்டும்.

2019 அக்டோபரை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். சாந்தியாகோ மெட்ரோ கட்டணம் 30 பெசோ ஏறியது. "30 பெசோ அல்ல, 30 ஆண்டுகள்" என்று தெருவில் முழக்கம் எழுந்தது; ராணுவ ஆட்சி முடிந்த பிறகான 30 ஆண்டுகளைச் சொன்னார்கள். ராணுவம் தெருவுக்கு வந்தது, பினேரா "நாம் போரில் இருக்கிறோம்" என்றார். ஒரு மாதத்துக்குள், நவம்பர் 15 அன்று, புதிய அரசமைப்புக்கு வாக்கெடுப்பு நடத்தக் கட்சிகள் ஒப்புக்கொண்டன. 2020-ல் சுமார் 78 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கோபம் பாய்ந்தது பினோசே காலத்து 1980 அரசமைப்பின் மீதும், அண்ணன் போட்டுக்கொடுத்த ஓய்வூதியத்தின் மீதும். 1988-ல் அவர் எதை மறுத்தார், எதை விட்டுவைத்தார் என்பது இங்கே தெளிவாகும்.

இன்னொன்று: பினேரா, பினோசே என்ற இரண்டு பெயரும் அவசரத்தில் கை மாறி விழும். முதல் முறை முழுப் பெயராக எழுதுங்கள், கடைசியில் ஒருமுறை சரிபாருங்கள்.

இறுதித் தேர்வில் கேட்டது, ராணுவ ஆட்சிக்குப் பிந்தைய சிலியின் வலதுசாரி அரசியல் பற்றி. விடையை 1988 அக்டோபரில் ஆரம்பித்தேன். அவர் பிறந்த ஆண்டு கடைசி வரை தேவைப்படவில்லை.