எட்டாவது சர்வர்

மே 7, புதன்
ஐசியூவுக்குள் ஒருத்தருக்குத்தான் அனுமதி. அம்மா உள்ளே, அப்பாவோடு. நான் படிக்கட்டில், மடியில் லேப்டாப். போன் ஹாட்ஸ்பாட் 2 கோடு காட்டுகிறது.

சர்வர் ஒன்றுக்கு 9 நிமிஷம். 12 சர்வரிலும் புது வெர்ஷனை வரிசையாக ஏற்றினால் ரெண்டு மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு சர்வராகச் சுற்றி வரும் லூப்புக்குள் கட்டளையின் வாலில் ஒரு ஆம்பர்சாண்ட் (&), முடியக் காத்திருக்காமல் அடுத்ததற்குப் போ என்று; கடைசியில் ஒரு 'வெயிட்', எல்லாம் முடியும்வரை நில் என்று. 12-ம் ஒரே சமயத்தில் கிளம்பின. கால் மணியில் திரையில் "எல்லாம் ஓகே". நான் எழுதி வைத்த வரிதான்.

மே 8, வியாழன்
ஓகே இல்லை. எட்டாவதில் ராத்திரி முழுக்கப் பழைய வெர்ஷன் ஓடியிருக்கிறது.

வெயிட்டை வெறுமனே கூப்பிட்டால் எல்லாம் முடியும்வரை நிற்கும், எது விழுந்தது என்று சொல்லாது. 0, அதாவது பழுதில்லை, என்று கொடுத்துவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு பிராசஸின் எண்ணையும் பிடித்து வைத்து, தனித்தனியாக வெயிட் போட்டால்தான் அதனதன் எக்ஸிட் கோடு, எப்படி முடிந்தது என்று சொல்லும் எண், வரும். இத்தனை வருஷம் இதே வேலை. தெரியாதா எனக்கு?

இன்று மீனாட்சி திருக்கல்யாணம். அம்மா வராண்டா பெஞ்சிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். பக்கத்து பெட்காரர் வீட்டம்மா முடிச்சுப் போட்டுவிட்டார். நான் லாகை, சர்வர் எழுதும் பதிவை, பார்த்துக்கொண்டிருந்தேன். லாகில் ஒன்றும் ஓடவில்லை.

மே 9
தேர். போகவில்லை.

மே 10, சனி
லூப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு எக்ஸ்ஆர்க்ஸ், ஒரே கட்டளையைப் பட்டியல் முழுக்க ஓட்டுகிற கருவி; ஒரே நேரத்தில் 4. மூன்றாவதில் உள்ளே நுழைய எஸ்எஸ்எச் இணைப்பே கிடைக்கவில்லை, எக்ஸிட் கோடு 255. எக்ஸ்ஆர்க்ஸ் 255-ஐப் பார்த்தால் அத்தோடு கடையைச் சாத்திவிடும். மிச்ச சர்வர்களைத் தொடவே இல்லை. போனது ஒன்று, நின்றது பாதி. எது விழுந்தாலும் 1 என்று மாற்றிக் கொடுக்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டைச் சுற்றினேன். இப்போது கடைசிவரை ஓடி, முடிவில் 123, எதுவோ விழுந்தது, என்று முனகுகிறது. முனகட்டும். 0-வைவிட அது தேவலை.

அம்மா: "அம்புட்டு நேரமா அந்தக் கறுப்பையே பாத்துக்கிட்டு இருக்கியே, சாப்புட்டியாடா?"

மே 11, ஞாயிறு
நர்ஸிடம் கேட்டேன். "ஸ்டேபிளா இருக்காருங்க" என்றார். பிரஷரா, மூச்சா, கிட்னியா? தனித்தனியாகக் கேட்டேன். முறைத்தார்.

ராத்திரி ஹாட்ஸ்பாட் அறுந்தது. இணைப்பு போனாலும் வேலையை விடாத டீமக்ஸுக்குள் ஓட்டியதால் அந்தப் பக்கம் வேலை நிற்கவில்லை. எட்டாவதை மட்டும் கையால் உள்ளே போய்ப் பார்த்தேன். புதுசுதான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தேன்.

மே 12, திங்கள்
அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். கோரிப்பாளையத்தில் நடக்க இடமில்லை. மருந்து வாங்கி வர ஒன்றரை மணி நேரம். சர்க்கரைச் செம்போடு ஒரு பெரியவர் என்மேல் சாய்ந்தே நடந்து வந்தார். "அழகருக்கு என்ன கலர் பட்டுடா?" என்றாள் அம்மா. பார்க்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மே 13, செவ்வாய்
11 மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். அம்மா வேண்டாமாம், நான் மட்டும். இன்று டிப்ளாய், புது வெர்ஷன் ஏற்றுவது, இல்லை என்று டீம் லீடுக்குச் சொல்லியாச்சு. இப்போது 10:40. எட்டாவதை ஒரு தடவை