ட்ராக் பொறுப்பு

அக்காவின் கல்யாண வரவேற்பில் சித்தப்பா பாடுவது என்று முடிவானது. முடிவெடுத்தவரும் சித்தப்பாதான். நாங்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை, ஏனென்றால் உண்மையிலேயே நன்றாகப் பாடுவார். வாத்தியக்காரர்கள் வேண்டாம், குரல் இல்லாமல் இசை மட்டும் ஓடும் கரோக்கி ட்ராக் போதும் என்றார். லேப்டாப் வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லவா? குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று சொல்லலாம்தான், ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் அது தனிச் சண்டை. ஆளுக்கொரு பாட்டு வந்து விழுந்தது. எல்லோருக்கும் பல்லவி மட்டும்தான் தெரியும் என்பது போகப் போகப் புரிந்தது. பெரியம்மா சொன்ன மெலடிக்கு ஏகப்பட்ட ஹார்ட்டின் விழுந்திருந்தது. வரிகளை முழுசாகப் படித்துப் பார்த்தேன். முதல் சரணத்தில் காதல், இரண்டாவது சரணத்தில் அவள் அவனை விட்டுவிட்டுப் போயே போய்விடுகிறாள்.

"பெரியம்மா, இது பிரிவுப் பாட்டு."

"ரெண்டாவது சரணத்தை யாருடா கேட்கப் போறா? அதுக்குள்ள எல்லாரும் பேச ஆரம்பிச்சிடுவாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அடுத்த பிரச்சினை ஸ்கேல், அதாவது பாட்டு எந்தச் சுருதி உயரத்தில் நிற்கிறது என்பது. ட்ராக் என்பது ஒரிஜினல் பாடகரின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அவருக்குத் தொண்டை எங்கே வரை ஏறுமோ அங்கே வரை பாட்டு ஏறும். நம்முடைய ஆள் அதே உயரத்தில் நின்றால் கழுத்து நரம்பு புடைக்கும். சித்தப்பா ஒத்திகையில் அனுபல்லவி வரை அருமையாகப் போனார். உச்சி வந்ததும் கண்ணை மூடி, கையை மட்டும் மேலே தூக்கினார். கை போன இடத்துக்குக் குரல் போகவில்லை.

"கொஞ்சம் ஸ்கேலைக் குறைச்சுக்கலாமா சித்தப்பா?"

"எனக்கா? குறைக்கிறதா?"

வீட்டில் அவருக்கு எட்டுக் கட்டைக் குரல் என்று பெயர். அந்தப் பெயருக்கே சேதம் வந்துவிட்டது போலப் பார்த்தார். பெரியப்பா நடுவில் வந்து சமாதானம் பேசியதில், "சரி, உனக்காக மூன்றரைக் கட்டையில பாடறேன்" என்று பெரிய மனசு பண்ணி இறங்கினார். சிக்கல் என்னவென்றால் அப்படி ஒரு கட்டையே கிடையாது. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகள் முழு எண், கறுப்புக் கட்டைகள் அரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பே இல்லை. இதை அவரிடம் விளக்கினால் பாடுவதையே விட்டுவிடுவார் என்று தோன்றியது. எனவே தலையாட்டிவிட்டு வந்து, வேகம் மாறாமல் ஸ்கேலை மட்டும் இறக்கும் மென்பொருளில் மூன்று படி கீழே இறக்கினேன். ஃபைலின் பெயரை மாற்றவில்லை. இரண்டு மூன்று படி வரை காது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் இறக்கினால் தபேலா தொளதொளத்துப் போகும், புல்லாங்குழலுக்கு ஜலதோஷம் பிடித்துவிடும்.

மறுநாள் ஒத்திகையில் உச்சியை அநாயாசமாகத் தொட்டார். "பார்த்தியா, நேத்து தொண்டை சரியில்லை. இன்னைக்கு ஒரிஜினல் ஸ்கேல்லயே நின்னுட்டேன்" என்றார். "ஆமாம் சித்தப்பா" என்றேன்.

இத்தனைக்கும், கரோக்கி பிறந்ததாகச் சொல்லப்படும் பிரபலமான கதையே ஒருவரின் தொண்டைக்கு அளவெடுத்த கதைதான். ஜப்பானின் கோபே நகரில் மதுக்கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்த டைசுகே இனோவே, வாடிக்கையாளர் ஒருவர் வெளியூர்ப் பயணத்துக்குக் கூப்பிட்டபோது போக முடியாமல், அவருக்குத் தோதாக வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனைதான் 1971-ல் காசு போட்டுப் பாடும் இயந்திரமானது. காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். 2004-ல் அவருக்கு இக் நோபல் சமாதானப் பரிசு கொடுத்தார்கள், அதாவது சிரிக்க வைத்துவிட்டு யோசிக்க வைக்கும் நோபல். எங்கள் வீட்டில் ஒரு ஒத்திகை பார்த்திருந்தால் அந்தச் சமாதானத்தைத் திரும்ப வாங்கியிருப்பார்கள்.

ட்ராக்கிலும் ரகங்கள் இருக்கின்றன. யாரோ ஒரு புண்ணியவான் கீபோர்டில் முழுக்க மறுபடி வாசித்துப் பதிந்தது ஒன்று. இடது சேனலிலிருந்து வலதைக் கழித்து, நடுவில் இருக்கும் குரலைக் காணாமல் அடித்தது இன்னொன்று. இதில் குரலோடு நடுவில் இருந்த பேஸும் டிரம்ஸும் சேர்ந்து போய்விடும், குரலின் எதிரொலி மட்டும் பின்னால் ஆவியாக அலையும். இப்போது செயற்கை நுண்ணறிவு குரலைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது, பழையதற்கு இது எவ்வளவோ மேல். அப்புறம் இலவச மாதிரி ட்ராக். இடையிசையில் உருகிப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் குரல் வந்து இணையதளத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும். சித்தப்பாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. "கோரஸ்னு நினைச்சுப்பாங்க" என்றார்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியம் பாட்டு எப்படி முடிகிறது என்பதுதான். ரெக்கார்டிங்கில் பல பாட்டுகள் முடிவதே இல்லை, பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே சத்தம் குறைந்து மறைந்துவிடும். காரில் கேட்க நன்றாக இருக்கும். மேடையில் ஒரு மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ட்ராக் மெல்லத் தேய்ந்து போனால், அவரும் கூடவே தேய முடியுமா? எல்லாப் பாட்டையும் வெட்டி, கடைசிப் பல்லவிக்குப் பிறகு 'டும்' என்று நிற்கும்படி ஒட்டினேன். இசையே இல்லாமல் ஹம்மிங்கில் ஆரம்பிக்கும் பாட்டுக்கு முன்னால் ஒரு சுருதியும் நான்கு எண்ணிக்கையும் சேர்த்தேன். போனில் வைத்தால் அழைப்பு வரும் என்று லேப்டாப், தாமதம் வரும் என்பதால் புளூடூத் இல்லாமல் ஒயர். சவுண்ட் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம தொழிலா?" என்று கேட்டார். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

வரவேற்பு அன்று எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசிப் பாட்டும் முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு விருப்பம் வந்தது. லிஸ்டில் இல்லாத பாட்டு. "நான் இருக்கேன்" என்று அத்தை மகன் போனை எடுத்தான். நெட்டிலிருந்து ஒரு ட்ராக்கை இறக்கினான். ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக் கேட்டுவிட்டு, "சூப்பர் ட்ராக், சுத்தமா இருக்கு" என்று ஒயரைப் போனில் மாட்டிவிட்டான்.

சில ட்ராக்குகளில் ஒரு சேனலில் இசையும் இன்னொரு சேனலில் பழகுவதற்காக ஒருவர் பாடிய குரலும் இருக்கும். அவன் கேட்டது இசை இருந்த காதில். மண்டபத்து ஸ்பீக்கர்களோ மோனோ. இந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்று இரண்டு சேனலையும் கலந்துதான் விடுவார்கள்.

இசை ஆரம்பித்தது. சித்தப்பா வாயைத் திறந்தார். அவர் பாடுவதற்குக் கால் நொடி முன்னால் வேறொருவர் பாடத் தொடங்கினார்.

சித்தப்பா நிறுத்தினார். குரல் நிற்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்ல, அவர் "அப்போ இவ்வளவு நேரமும்?" என்ற மாதிரி மேடையைப் பார்த்தார். சவுண்ட் அண்ணன் குனிந்து எந்த நாப் என்று தேடிக்கொண்டிருந்தார். சித்தப்பா சும்மா இருப்பவரா? ஸ்பீக்கர் பக்கம் கையை நீட்டி, துணைப் பாடகரை அறிமுகம் செய்வது போல ஒரு வணக்கம் வைத்துவிட்டு அடுத்த வரியைச் சேர்ந்து பாடினார். அந்த மனிதர் ஒரிஜினல் ஸ்கேலில் இருந்தார், சித்தப்பாவும் வேறு வழியில்லாமல் அங்கேயே போனார். உச்சியில் இவர் கையைத் தூக்கினார், அவர் பாடினார். கச்சிதமாகப் பொருந்தியது. சவுண்ட் அண்ணன் நாபைக் கண்டுபிடித்தபோது பாட்டே முடிந்துவிட்டது. அன்றைக்குப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

மேடையை விட்டு இறங்கியதும் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேருமே பிரமாதம். ஆனா கடைசில மேல போனாரே, அவர் எங்கே? காணோமே!"

சித்தப்பா சிரித்துச் சமாளித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "அவனுக்கு ஸ்கேலைக் குறைச்சு வெச்சிருப்பாங்கடா. நான் ஒரிஜினல்ல பாடறவன், அதான் வித்தியாசம் தெரிஞ்சுது."

"ஆமாம் சித்தப்பா" என்று லேப்டாப்பை மூடினேன்.