முட்டத்து உப்புக்காற்றும் என் ஸ்பிளெண்டரின் பின்பக்கமும்

மே 3, 2025, சனி

வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன், டெயில் லாம்புக்குக் கீழே அழுக்கு என்று நினைத்து அழுத்தித் தேய்த்த இடத்தில் விரல் மட்கார்டுக்குள் போய்விட்டது. 2008 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். என்ஜினில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி நிற்கிற வண்டிக்கு முதலில் போவது பின்பக்கம்தான். சக்கரம் வாரியடிக்கிற மண் மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிக்கொள்ளும், அதன்மேல் உப்புக்காற்று, பிறகு அந்த ஈரம் காயவே காயாது. இது மூன்றாவது தகரம். நாலாவது வாங்க மனம் வரவில்லை. மட்கார்டு, விளக்கு, பின்னால் உட்காருகிறவர் பிடிக்கிற கைப்பிடி, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்து நானே செய்யப் போகிறேன். 2,500 ரூபாய்க்கு மேல் கிடையாது. ஜூன் 1 வாக்கில் மழை பிடிக்கும், அதற்குள் முடிய வேண்டும்.

மே 4, ஞாயிறு

நேற்று ராத்திரியே போல்ட்டுகளில் டீசல் விட்டு வைத்திருந்தேன். பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் மூன்று நல்லபடியாகக் கழன்றன, ஒன்று தலை முறிந்தது. வயரைப் பிரிக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஹோண்டா வயரிங்கில் பச்சை எர்த், பழுப்பு டெயில் விளக்கு, பச்சையில் மஞ்சள் கோடு பிரேக் விளக்கு, ஆரஞ்சு இடது இண்டிகேட்டர், இளநீலம் வலது.

மத்தியானம் மச்சான் வந்தார். சின்னமுட்டத்தில் போட் ரிப்பேர் வேலை பார்க்கிறார். அந்தப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில் நிற்பதால் அவருக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. ஓட்டைத் தகரத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தகரம் எதுக்கு மச்சான்? வள்ளத்துக்குப் போடுறதையே இதுக்கும் போடுவோம்” என்றார். ஃபைபர்! வருஷக்கணக்காகக் கடலிலேயே கிடக்கிற வள்ளத்தை உப்பு தின்னவில்லையே.

மே 7, புதன்

அக்கா பையன்கள் மட்கார்டைப் பாதியாக வெட்டச் சொல்கிறார்கள். டயர் முழுசாகத் தெரிய வேண்டுமாம். அழகு என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதனால் அட்டையை அந்த நீளத்துக்கு வெட்டிக் கட்டி, செம்மண் மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கிய இடத்தில் வெள்ளைச் சட்டையோடு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரே செம்மண் கோடு. என் பின்னால் உட்காரப் போவது அம்மா. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டம் இது. நீளம் குறைக்கப் போவதில்லை. சாரி கார்டும் கைப்பிடியும் அப்படியே இருக்கும். மோட்டார் வாகன விதி 123 பின்னால் உட்காருகிறவருக்குப் பிடியும், கால் வைக்க இடமும், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பும் கேட்கிறது. விதி இல்லாவிட்டாலும் சேலை கட்டினவர் உட்காருகிற வண்டியில் அதைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபிரேமிலும் கை வைக்க மாட்டேன்.

மே 11, ஞாயிறு

இன்றுதான் உண்மையான வேலை. பழைய தகரத்தையே அச்சாக வைத்தோம். ஓட்டைகளை டேப் போட்டு மூடி, மேலே மெழுகு பாலிஷை மூன்று தடவை தேய்த்தோம், இல்லையென்றால் ஃபைபரை இறுக வைக்கிற பிசின் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியாது. கண்ணாடி நார் மேட்டைத் துண்டு துண்டாகக் கிழித்து (கத்தரித்தால் ஓரம் தடித்து நிற்கும், கிழித்தால் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும்) பிரஷ்ஷால் பிசினை ஒற்றி ஒற்றி மூன்று அடுக்கு. போல்ட் வருகிற இடங்களில் ஐந்து. பிரஷ்ஷை இழுக்கக் கூடாது, குத்த வேண்டும், உள்ளே காற்றுக்குமிழ் நின்றால் அந்த இடம் பிறகு உரியும்.

மச்சான் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். பிசின் சீக்கிரம் இறுகப் போடுகிற கோபால்ட்டை முதலில் பிசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் அதை இறுக்குகிற ஹார்டனர். இரண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் தள்ளித் தள்ளித்தான் வைத்தார். இந்த வெயிலில் கலந்த பிசின் கால் மணி நேரத்தில் ஜெல்லி மாதிரி ஆகிவிடுகிறது, டப்பாவும் கையில் சுடுகிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தோம்.

மிச்சப் பிசின், மேட் எல்லாம் சேர்த்து 700 ரூபாய் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார், சட்டைப் பையில் திணித்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

அச்சிலிருந்து பிரிந்து வந்தது, அந்தச் சத்தம் கேட்கச் சுகமாக இருந்தது. இரண்டு பக்கமும் 3 மில்லி தடிமன் கூடியதால் ஃபிரேமுக்குள் இறுக்கம், அரம் போட்டுத் தேய்த்தேன். முழுக்கை சட்டை, மூக்கில் துணி. அப்படியும் நார்த்தூள் மணிக்கட்டில் ஏறி ராத்திரி முழுக்க அரிப்பு.

மே 18, ஞாயிறு

பெயிண்ட். நேற்றுச் சாயங்காலம் அடித்த முதல் கோட் பால் படிந்த மாதிரி வெளுத்துப்போனது, காற்றில் அவ்வளவு ஈரம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு இன்று வெயில் நன்றாக ஏறிய பிறகு, மாட்டுக்கொட்டகைச் சுவரின் மறைவில் வைத்து அடித்தேன். பிரைமர் ஒன்று, கறுப்பு இரண்டு. கைப்பிடியின் துருவைச் சுரண்டி அதற்கும் அதே கறுப்பு. ஸ்ப்ரே டப்பா, பிரைமர், தாள் எல்லாம் 820 ரூபாய்.

மே 22, வியாழன்

மாட்டியாயிற்று, ஆனால் விளக்கு எரியவில்லை. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாகச் சிமிட்டுகிறது. ஒரு மணி நேரம் பல்பையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முன்பு எப்போதோ ரிப்பேருக்கு விட்ட இடத்தில் பச்சை வயரை வெட்டி மட்கார்டுத் தகரத்திலேயே ஒரு திருகாணியில் முறுக்கி விட்டிருக்கிறார்கள். தகரம் இருந்தவரை அதுவே எர்த். ஃபைபரில் கரண்ட் போகாது! பச்சை வயரை நீட்டி ஃபிரேமில் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் இறுக்கினேன், எல்லாம் பளிச்சென்று எரிந்தது. எல்இடி இண்டிகேட்டர் ஆசையை விட்டுவிட்டேன், அது இழுக்கிற கரண்ட் குறைவு, சிமிட்ட வைக்கிற பழைய ரிலே அதற்குச் சரியாக வேலை செய்யாது, ரிலேயையும் மாற்ற வேண்டும். சாதா பல்பே போதும்.

விளக்கும் நம்பர் பிளேட்டும் தொங்குகிற பாரத்தை ஃபைபர் தனியாகத் தாங்கக் கூடாது என்று உள்பக்கம் ஒரு இரும்புப் பட்டை கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வாஷர். அதிர்வில் ஃபைபர் ஓட்டையிலிருந்துதான் கீறல் விடும்.

மே 24, சனி

கேரளாவில் பருவமழை இன்றே தொடங்கிவிட்டது என்று செய்தி, வழக்கத்தைவிட எட்டு நாள் முன்னால். இரண்டு நாள் பிந்தியிருந்தால் நனைந்த ஃபிரேமோடு நின்றிருப்பேன்.

மே 27, செவ்வாய்

அம்மாவை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தூறலில்தான் போனோம், வழியெல்லாம் சேறு. இறங்கினதும் அம்மா முந்தானையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு மட்கார்டைத் தட்டிப் பார்த்தாள். “கொள்ளாம் மக்களே, ஒரு சொட்டு தெறிக்கல்ல.”

மொத்தம் 2,140 ரூபாய். வீட்டுக்கு வந்து தண்ணீர் அடித்து உள்பக்கத்தைக் கழுவினேன், மண் அப்படியே வழிந்து போகிறது. வலது பக்க நட்டு ஒன்று லூசாகியிருந்தது, நாளைக்கு ஒரு ஸ்பிரிங் வாஷர் வாங்க வேண்டும்.