அத்தை வயலின் தாய்ப்பத்திரம்

லால்குடி பக்கம் அம்மாவுக்கு இரண்டு மா நஞ்சை இருக்கிறது. அம்மாச்சி உயில் எழுதிக் கொடுத்தது. வீட்டில் அதற்கு 'அத்தை வயல்' என்று பெயர். அம்மாச்சி பிறந்த ஊரிலும் இல்லை, வாழ்க்கைப்பட்ட ஊரிலும் இல்லை; எங்களுக்குச் சொந்தபந்தம் என்று யாருமே இல்லாத மூன்றாவது ஊரில், பெருவளை வாய்க்கால் பாசனத்தில் கிடக்கிறது. எந்த அத்தை, அந்த ஊரில் நமக்கு ஏது நிலம் என்று கேட்டால் அம்மாவுக்கும் தெரியவில்லை, மாமாக்களுக்கும் தெரியவில்லை. பெரிய மாமா எழுதி வைத்திருக்கும் வம்சாவளியில் ஏழு தலைமுறை இருக்கிறது. அத்தனையும் ஆண்கள்.

பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றத் தாய்ப்பத்திரம், அதாவது நிலம் எங்கள் கைக்கு எப்படி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம், வேண்டியிருந்தது. தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று, நான் தேடியபோது இணையத்தில் 1975-லிருந்துதான் கிடைத்தது. அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு, கையால் எழுதிய புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அசையாச் சொத்துப் பத்திரங்களெல்லாம் நகலெடுக்கப்படும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. அட்டவணை இரண்டு வகை. ஒன்று சொத்தை வைத்துத் தேட, இன்னொன்று ஆட்பெயரை வைத்துத் தேட. சர்வே நம்பர் காலப்போக்கில் மாறியிருக்கும், உட்பிரிவு ஆகியிருக்கும். ஏன், உங்கள் கிராமமே அப்போது வேறு அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கலாம். அதனால் பழைய காலத்துக்குப் போகப் போக ஆட்பெயர்தான் கைகொடுக்கும். எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயருமே அதில் இருக்கும்.

அம்மாச்சி பெயரை வைத்துத் தேடியதில் 1961-ஆம் வருடத்து செட்டில்மென்ட் ஒன்று, அதாவது சொந்தக்காரருக்குச் சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம், கிடைத்தது. எழுதிக்கொடுத்தவர் அம்மாச்சியின் அப்பாவுடைய தங்கை. பெயரை இங்கே போடவில்லை. அந்த ஊரில் அவருடைய புகுந்த வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். "என் சகோதரர் குமாரத்தியாகிய உன்மேல் எனக்குள்ள பிரியத்தினாலும் அபிமானத்தினாலும்" என்று வருகிறது. பத்திர எழுத்தர்கள் எல்லா செட்டில்மென்டிலும் எழுதும் வரிதான் அது. இருந்தாலும், அம்மாச்சியை ஒருவர் 'உன்' என்று அழைப்பதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த நிலம் தனக்கு எப்படிப் பாத்தியமானது என்பதையும் அவர் அதில் சொல்லியிருந்தார். 1934-இல் பதிவான ஒரு ஜீவனாம்ச உடன்படிக்கை. பத்திர எண்ணும் இருந்தது. எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கும் நகல் கேட்டு மனுப்போட்டேன்.

1934 பத்திரத்தில் ஆங்கிலத் தேதியோடு பவ வருஷம், ஆவணி மாதம் என்றும் இருக்கிறது. தமிழ் வருடப் பெயரை மட்டும் நம்பினால் அறுபது வருடம் முன்னே பின்னே போய்விடும். வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டை எழுதியிருந்தால் 590-ஐக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பசலி 1344 என்றால் 1934 ஜூலையில் தொடங்கிய வருடம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். புருஷன் இறந்துபோன பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, அவருடைய கொழுந்தன்மார் இருவர் சேர்ந்து இரண்டு மா நிலத்தை ஜீவனாம்சத்துக்காக விடுகிறார்கள். ஆயுள் பரியந்தம் யாதொரு பராதீனமும் செய்யாமல் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதாவது, விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, யாருக்கும் எழுதி வைக்கவும் கூடாது. அவர் காலத்துக்குப் பிறகு நிலம் கொழுந்தன்மாருக்கே திரும்பிவிட வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் விதவைக்கு இவ்வளவுதான் அப்போது. கணவன் பங்கில் விதவைக்கு உரிமை கொடுத்த சட்டம் 1937-இல்தான் வந்தது. அதுவும் முதலில் விவசாய நிலத்துக்குச் செல்லவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அதற்கும் நீட்டித்தார்கள்.

அப்படியானால் 1961-இல் அவரால் எப்படி எழுதிக்கொடுக்க முடிந்தது? நடுவில் 1956 வந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெண்ணின் கையில் இருந்த வரையறுக்கப்பட்ட உரிமையை முழு உரிமையாக்கியது. ஜீவனாம்சத்துக்காகக் கொடுத்த சொத்தும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் துளசம்மா வழக்கில் தெளிவாகச் சொன்னது 1977-இல். என் கொள்ளுப்பாட்டன் தங்கை அதற்குப் பதினாறு வருடம் முன்பே, யாரோ ஒரு விவரமானவரைக் கேட்டோ, தானே தெரிந்துகொண்டோ, தன் நிலத்தைத் தன் மருமகளுக்கு எழுதிவிட்டார். எனக்கு இதில் அவ்வளவு பெருமை.

இன்னொன்றும் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது எழுத்தரின் கையெழுத்தில் உள்ள நகல்தான். ஆனாலும் யார் கையெழுத்துப் போட்டார், யார் ரேகை வைத்தார் என்பதைக் குறித்திருப்பார்கள். 1934-இல் அவர் பெயருக்குப் பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை என்று இருக்கிறது. 1961-இல், வயது 46, ஒப்பம், அதாவது கையெழுத்து. ஒரே ஆள்தானா என்று தகப்பனார் பெயர், ஊர், வயதுக் கணக்கு, நான்கெல்லை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே ஆள்தான். அந்த இருபத்தேழு வருடத்தில் எங்கேயோ, யாரிடமோ அவர் எழுதப் படித்திருக்கிறார்.

வரிச்சலுகையோடு கொடுக்கப்பட்ட மானிய நிலம், அதாவது இனாம், வைத்திருந்த குடும்பம் என்றால் இன்னும் பின்னால் போகலாம். எழும்பூரில் 1909-இல் கட்டிய ஆவணக் காப்பகத்தில் இனாம் கமிஷன் காலத்துப் பதிவேடுகள் இருக்கின்றன. அந்தக் கமிஷன் 1858-இல் அமைந்தது. மானியத்தை அனுபவித்தவர் யார், முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதையெல்லாம் விசாரித்து எழுதியிருப்பார்கள். எங்களுடையது அரசுக்கு நேரே வரி கட்டும் சாதாரண ரயத்துவாரிப் பட்டா நிலம், எனக்கு அது பயன்படவில்லை.

வம்சாவளி எழுதுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பெயர் அட்டவணையில் வீட்டுப் பெண்களையும் தேடுங்கள். மஞ்சக்காணி (கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் நிலம்), ஜீவனாம்சம், விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) என்று ஏதாவது ஒன்றில் அவர்கள் இருப்பார்கள். நிலம் கைமாறும் இடத்தில் பெண்ணின் சம்மதம் தேவைப்பட்டிருக்கிறது. வம்சாவளியில் விட்டவர்கள் பத்திரத்தில் விடவில்லை.

பெரிய மாமாவிடம் இரண்டு நகலையும் காட்டினேன். நெடுநேரம் படித்துவிட்டு, வம்சாவளியில் தன் தாய்வழித் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து அந்த அத்தையின் பெயரை எழுதினார். பிறந்தது சுமார் 1915 என்று குறித்தோம். இறந்த வருடம் காலியாக இருக்கிறது. அடுத்து அந்த ஊர் இறப்புப் பதிவேட்டுக்கு மனுப்போட வேண்டும்.