ஒண்ணுன்னா எவ்ளோண்ணே?

ஆன்லைன்ல குடிநோய் கவுன்சிலிங் குடுக்கிற ஒரு சின்ன டீம்ல நாலு வருஷம் இருந்தேன். அங்க எங்களுக்கு பெரிய தலைவலியே ஆளுங்க பாதியில நின்னுடுறதுதான். முதல் செஷன்ல கண் கலங்கி பேசுவாங்க, ரெண்டாவதுக்கு லிங்க் அனுப்பிட்டு ஸ்க்ரீன்ல நம்ம மூஞ்சிய நாமளே பாத்துட்டு உக்காந்திருக்கணும். டேட்டா பாக்குற தம்பி ஒருத்தர் "யாரு பாதியில போயிடுவாங்கன்னு முன்னாடியே சொல்ற மாதிரி ஒரு மாடல் போட்டுடலாம்க்கா"ன்னு வயசு, வேலை, ஆடிட் ஸ்கோர் எல்லாத்தையும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன்ல போட்டார், அதாவது பழைய டேட்டாவ வச்சு ஒருத்தர் போறதுக்கு எவ்ளோ வாய்ப்புன்னு சொல்ற கணக்கு. ஆடிட்னா வரவு செலவு இல்ல, ஒருத்தரோட குடிப்பழக்கம் எவ்ளோ மோசம்னு பாக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்குன 10 கேள்வி, மொத்தம் 40 மார்க்.

ஸ்கோர் கம்மியா இருக்கவங்கதான் சீக்கிரம் போறாங்கன்னு வந்துச்சு. லேசா குடிக்கிறவங்க, அவ்ளோ தேவை இல்ல, அதான் போறாங்கன்னு நாங்களே ஒரு கதையும் கட்டிட்டோம்.

அப்புறம் வெல்டிங் பட்டறை வச்சிருக்க ஒரு அண்ணன் வந்தார். குடிக்கிற நாள்ல எத்தனை டிரிங்க்ங்கிற கேள்விக்கு "1"னு போட்டிருந்தார், அதுக்கு மார்க் 0. பேச்சுவாக்குல கேட்டேன், "ஒண்ணுன்னா எவ்ளோண்ணே?" "ஒரு குவாட்டர்தான் மேடம், அதுக்கு மேல போனதே இல்ல." குவாட்டர்னா 180 மில்லி, பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும், கணக்கு போட்டா சுத்தமான ஆல்கஹால் 60 கிராம் வருது, அந்த கேள்வித்தாள்ல ஒரு டிரிங்க்னா 10 கிராம். அவரோட ஒண்ணு எங்க கணக்குல ஆறு! பழைய ஃபார்ம்ல எத்தனை பேரு இப்படி எழுதியிருப்பாங்கன்னு நினைச்சாலே தலை சுத்துச்சு. அப்புறம் கேள்வியையே மாத்தி, கட்டிங்கா (அரை குவாட்டர்), குவாட்டரா, ஆஃபான்னு கேக்க ஆரம்பிச்சோம்.

இன்னொருத்தர் ரெண்டாவது செஷனுக்கு வரல, ஷீட்ல அவர் பேருக்கு நேரா டிராப் அவுட்னு ஏத்தியாச்சு. போன் பண்ணா அவர் சம்சாரம் எடுத்து, ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்னாங்க. வருஷக்கணக்கா தினமும் குடிச்சவர், எங்ககிட்ட பேசுன வேகத்துல மறுநாளே டக்குனு நிறுத்தியிருக்கார், அப்படி நிறுத்துனா ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம்னு எங்களுக்கு தெரியும், ஆனா அவர்கிட்ட அழுத்தி சொல்லலியேன்னு இப்பவும் உறுத்தும். அதுக்கப்புறம் காலைல கை நடுங்குதா, முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கான்னு கேக்காம யாரையும் எடுக்கிறதில்ல, இருந்தா முதல்ல டாக்டர நேர்ல பாக்கணும்.

டைமும் ஒரு விஷயம். டாஸ்மாக் மதியம் 12க்கு தொறந்து ராத்திரி 10க்கு சாத்துறாங்க, நாங்க பாட்டுக்கு சாயங்காலம் 7 மணிக்கு செஷன் வச்சிட்டிருந்தோம்.

ஆனா யாரு போயிடுவாங்கன்னு காட்டுறதுல, என் கண்ணுல பட்டதுல ரொம்ப சரியா இருந்தது எங்க ஆப்ல இருந்த தினசரி டைரிதான். "நேத்து ரெண்டு கட்டிங்"னு எழுதுறவர் பெரும்பாலும் திரும்ப வருவார். கட்டம் மூணு நாள் காலியா இருந்தா எனக்கு வயித்த கலக்கும். அதுக்கு நாங்களும் ஒரு காரணம், குடிக்காத நாளை வரிசையா எண்ணி பச்சைல காட்டுவோம், ஒரு நாள் குடிச்சா 0க்கு வந்துடும். "23 போயி 0 பாக்குறதுக்கு ஆப்ப தொறக்காமலே இருந்துடலாம்னு தோணுச்சு மேடம்"னு ஒருத்தர் சொன்னார். அவருக்கு குடிச்சதைவிட எங்க மூஞ்சில முழிக்கிறதுதான் வெக்கமா இருந்திருக்கு. அந்த நம்பர தூக்கிட்டு மாசத்துல மொத்தம் எத்தனை நாள் குடிக்கலன்னு மட்டும் வச்சோம்.

மாடலும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு, இப்ப டைரி காலியா இருந்தாலே பேரு சிவப்புல வரும். ஒரு தடவை வெல்டிங் அண்ணன் பேரே சிவப்புல வந்துச்சு. மூணு நாள் காலி. போன் பண்ணி குரல தாழ்த்தி பதமா ஆரம்பிச்சேன், அவர் சிரிச்சிட்டார். "என்ன மேடம், எழவு வீட்டுக்கு பேசுற மாதிரி பேசுறீங்க, என் போன் டிஸ்ப்ளே போச்சு, சிம்ம கழட்டி பையன் போன்ல போட்டிருக்கேன்." அப்புறம் அவரே ஒப்பிச்சார், ரெண்டு நாள் குடிக்கல, நேத்து மட்டும் ஒரு கட்டிங்.