பூதக்கண்ணாடியோட பெரிய அண்ணன்

சின்ன வயசுல பூதக்கண்ணாடிய வெயில்ல பிடிச்சு பேப்பர்ல ஓட்டை போட்டிருக்கீங்கள்ல, முதல்ல அந்த வெள்ளைப் புள்ளி, அப்புறம் பழுப்பு, அப்புறம் நூல் மாதிரி ஒரு புகை... அதே வேலைய பிரான்ஸ்ல பைரனீஸ் மலையில ஓடெய்யோங்கிற ஊர்ல ஒரு பில்டிங் சைஸுக்கு பண்ணி வச்சிருக்காங்க, அதுக்கு சூரிய உலைன்னு பேரு. எதிர்ல சரிவுல சூரியன் பின்னாடியே திரும்புற 63 பெரிய கண்ணாடி, அது வெயில வாங்கி ஒரு பிரம்மாண்டமான குழிவு கண்ணாடிக்கு அனுப்பும், அது மொத்தத்தையும் ஒரு சின்ன வட்டத்துல குவிக்கும், சூடு 3000 டிகிரிக்கு மேல, இரும்பெல்லாம் 1538லயே உருகிடும்!

இவ்ளோ சூடு எதுக்குன்னா, விண்கலத்துக்கான பொருள டெஸ்ட் பண்ண. விண்கலம் பூமியோட காத்து மண்டலத்துக்குள்ள நுழையும்போது வெளித்தோல் மட்டும் சட்டுனு எரியும், உள்பக்கம் சூடாகக் கூடாது, இத சாதா உலைல டெஸ்ட் பண்ணா எல்லா பக்கமும் ஒண்ணா வெந்துடும், கேஸ் அடுப்புன்னா புகையும் வாயுவும் சாம்பிள்ல ஒட்டி ரிசல்ட்ட கெடுக்கும். வெயில்ல அந்த தொல்லை இல்ல, ஒரு பக்கம் மட்டும் அடிக்கலாம், ஷட்டர மூடினா அந்த நொடியே கட். சூரியன ஆராய நாசா அனுப்புன பார்க்கர் சோலார் ப்ரோப் விண்கலம் 2018ல கிளம்புறதுக்கு முன்னாடி அதோட வெளிய நீட்டிட்டு இருக்குற கப் மாதிரி இருக்குற சென்சாருக்கான மெட்டீரியல இங்கதான் வாட்டி பாத்தாங்க, அதாவது சூரியன்கிட்ட போற பொருளுக்கு சூரியனே எக்ஸாம் வச்சிருக்கு 😄

ஒரே கடுப்பு, நடுவுல மேகம் வந்தா அன்னைக்கு டெஸ்ட் அவ்ளோதான்.