எங்கட போறணையும் விடிவெள்ளியும்

பாண் சுடுகிறவனுக்கு விடிவெள்ளி ஒரு மணிக்கூடு மாதிரி. அது கிழக்கில் நிற்கிற மாதங்களில், நாலு மணிக்கு நான் போறணைக்குள் கிடக்கும் தணலை வழித்து வெளியில் கொட்டும்போது, பனைகளுக்கு மேலே ஏறியிருக்கும். கண்டு கண்டு பழகி, நிமிர்ந்து பார்ப்பதையே விட்டிருந்தேன்.

போன கிழமை சின்னவளுக்கு இருமல். நித்திரை வராமல் எழும்பி வந்து பேக்கரிப் படியில் குந்தியிருந்தாள்.

"அப்பா, அது எங்கட போறணையை விடச் சூடோ?"

"ஓம் பிள்ளை, கூடத்தான்."

"எவ்வளவு கூட?"

போறணையின் சூடு எனக்கு இலக்கத்தில் வராது. ஒரு சிட்டிகை மாவைச் செங்கல் தளத்தில் எறிவேன். மெல்லமாகப் பொன்னிறத்துக்கு வந்தால் சரி. எறிந்த கையோடு கறுத்தால் ஈரச்சாக்கால் துடைத்து ஆற்ற வேண்டும். ஒருமுறை வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 230 பாகை காட்டியது. விடிவெள்ளி என்பது வெள்ளிக் கிரகம்தான்; அதன் தரை 465 பாகை செல்சியஸ். பகலிலும் அதுதான், இரவிலும் அதுதான், துருவத்துக்குப் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. காரீயம் 327 பாகையிலேயே உருகி ஓடிவிடும்.

ஏன் என்று கேட்டாள். சூரியனுக்குக் கிட்ட இருப்பதால் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். "அப்ப புதன்தானே இன்னும் கிட்ட?" என்றாள். புதனில் பகல் 430 வரை போகும், இரவில் பூச்சியத்துக்குக் கீழே 180. வெள்ளியை அது வெல்லவில்லை. பிள்ளை சொன்னது சரி, நான் சொன்னது பிழை.

பிறகு, போறணையின் கதவு மூடியிருப்பது மாதிரி என்று சொன்னேன். அதுவும் அரைகுறைதான் என்பது பாண் இறக்கி முடிந்த பிறகுதான் உறைத்தது. என் போறணையில் இருப்பது ராத்திரி எரித்த விறகின் சூடு. செங்கல் அதைச் சேமித்து வைத்திருக்கிறது. இரண்டு நாள் எரிக்காமல் விட்டால் ஆறிவிடும். வெள்ளியில் ஒவ்வொரு நாளும் புதிதாகத்தான் சூடு வருகிறது. அதுவும் எவ்வளவு கொஞ்சம் தெரியுமோ? எங்களுக்கு விழுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெயில் அதன்மேல் விழுகிறது. ஆனால் அதில் முக்கால் பங்கை அந்த வெள்ளை மேகம் திருப்பி எறிந்துவிடுகிறது. விடிவெள்ளி இப்படி மினுங்குவதே அதனால்தான். மிச்சத்தைக் கணக்குப் பார்த்தால், வெள்ளி வாங்கிக்கொள்ளும் வெயில் பூமி வாங்குவதை விடக் குறைவு. தரைவரை வந்து சேருவது நூற்றுக்கு இரண்டோ மூன்றோ பங்கு. வரவை மட்டும் வைத்துப் பார்த்தால் அங்கே பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிர் அடிக்க வேண்டும்.

சங்கதி முழுக்கச் செலவுப் பக்கத்தில் இருக்கிறது. தரைக்கு வந்த வெயில் வெப்பக்கதிராக மாறித் திரும்பிப் போகப் பார்க்கும். மேலே இருப்பது 96 வீதம் காபனீரொட்சைட்டு. வெளிச்சத்துக்கு வழிவிடும் அந்த வாயு, வெப்பக்கதிரை மறித்துப் பிடித்துக்கொள்ளும். அது விட்ட இடுக்குகளைக் கந்தக அமில மேகமும் மற்ற வாயுக்களும் அடைக்கின்றன. காற்றின் அமுக்கம் எங்களுடையதைப்போல 92 மடங்கு. கடலுக்குள் 900 மீற்றர் இறங்கி நிற்பதற்குச் சமம். இவ்வளவு தடிப்பான காற்றில் வெப்பம் வெளியே தப்புவது மிக உயரத்தில், மேகத்தின் குளிர்ந்த உச்சியில்தான். அங்கிருந்து இறங்க இறங்க, கிலோமீற்றருக்கு ஏறக்குறைய எட்டுப் பாகை ஏறும். அறுபது கிலோமீற்றர் இறங்கினால் என்ன வரும் என்று சின்னவளையே பெருக்கச் சொன்னேன்.

இந்தச் சூட்டை அங்கேயே போய் அளந்த கதைதான் எனக்குப் பெரிய விருப்பம். சோவியத் ஒன்றியம் முதலில் அனுப்பிய கலங்களில் ஒன்றுகூட தரையிலிருந்து பேசவில்லை; சில தரையைத் தொட முதலே நசுங்கிப் போயின. வெனேரா 7 என்ற கலத்தைத் தைத்தேனியத்தால் செய்து, இறக்குவதற்கு முன்பே உள்ளுக்குள் நன்றாகக் குளிரவைத்து விட்டார்கள். 1970 டிசம்பர் 15. பரசூட் கிழிந்து, கலம் தரையில் மோதிப் பக்கவாட்டில் சரிந்தது. சமிக்ஞை நின்றுவிட்டது என்று நினைத்துக் கைவிட்டார்கள். பிறகு பதிவு நாடாவைத் திரும்பக் குடைந்தபோது, இரைச்சலுக்கு அடியில் நூற்றில் ஒரு பங்கு பலத்தில் அது பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, இருபது நிமிஷத்துக்கு மேல். உள்ளே ஏதோ ஆளி இறுகியதால் அதற்குச் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்: வெப்பநிலை. 475 பாகை. வேறொரு கிரகத்தின் தரையிலிருந்து மனிதனுக்கு வந்த முதல் செய்தியே "சூடு, சூடு" என்பதுதான்.

இன்னொன்று, இது எங்கட தொழில்காரருக்கு. அந்தத் தரையிலிருந்து 55 கிலோமீற்றர் மேலே போனால் வெறும் 27 பாகை. மா பொங்க வைக்க அதைவிடத் திறமான சூடு கிடையாது. ஆனால் சுற்றியிருக்கிற மேகம் கந்தக அமிலம். மாவும் மிஞ்சாது, தாச்சியும் மிஞ்சாது.

சின்னவள் விடவில்லை. கீழே தரையில் பாண் வைத்தால்? எரியாது, அங்கே ஒட்சிசன் இல்லை, அப்படியே கருகிக் கரியாகும் என்றேன்.

"அப்ப விறகும் எரியாதே. பிறகு எப்படி அங்கை போறணை மூட்டுறது?"

"விறகே தேவையில்லை பிள்ளை."

முப்பது வருஷமாக எங்களோடு நிற்கிற பெரியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. பாணைத் தட்டில் அடுக்கிக்கொண்டே கேட்டார்: "தம்பி, அங்கை காணி என்ன விலை போகுது?"